அம்பலவாணர் மாஸ்டரின் ஞானஸ்நான அத்தாட்சி

பலெர்மோவின் லிபெர்த்தாப் பகுதியில், மூன்றாம் மாடி வீடொன்றின் குளியலறையில், 1993 ஆம் ஆண்டு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், அம்பலவாணருக்கு இலத்தீன் மொழி திரும்பக் கிடைத்தது. அப்போது அவர் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, எண்பத்தாறு வயது வழக்கறிஞர் ஒருவரின் முதுகுக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வழக்கறிஞரை வீட்டிலும் வீதியிலும் 'அவ்வொகாத்தோ' என்றே அழைத்தார்கள். நீதிமன்றத்தை விட்டு அவர் வந்து இருபது வருடமாகியும் பட்டம் அவரை விட்டுப் போகவில்லை. புத்தி இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது என்று தனக்குத் தானே நிரூபிப்பதற்காக, குளிக்கும்போது பள்ளிக்கூடத்தில் படித்த இலத்தீன் வினைச்சொற்களை வரிசையாக ஒப்புவிப்பார். அன்றைக்கு எதிர்கால வினைவடிவம் ஒன்றில் சறுக்கினார். அம்பலவாணர் தேய்ப்பதை நிறுத்தாமலே சரியான வடிவத்தைச் சொன்னார். அதில் துணிச்சல் ஒன்றும் இல்லை. ஒரு பிழை கண்ணிலோ காதிலோ பட்டால் அதைத் திருத்தாமல் விடுவது, தும்மலை அடக்குவதைப்போல, அவரால் ஆகாத காரியம்.

அவ்வொகாத்தோ கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "என்னைக் குளிப்பாட்டுகிற ஆளுக்கு இலத்தீன் தெரியும்!" என்றார். வீட்டுக்குள் திருடன் நிற்கிறான் என்று சொல்வதற்கும் அதே குரல் பொருந்தியிருக்கும்.

அம்பலவாணர் பிறப்பால் சைவர். படிப்பால் மிஷன் பள்ளிக்கூடத்து ஆள். யாழ்ப்பாணத்தில் அவர் படித்த கல்லூரியில் விவிலியப் பாடத்துக்கான பரிசு மூன்று வருடம் தொடர்ந்து அவருக்கே கிடைத்தது. அந்தப் பரிசுப் புத்தகங்களை அவருடைய தகப்பன் சாமியறைத் தட்டில், விபூதிக் குடுவைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தார். இதில் தகப்பனுக்கும் முரண்பாடு தெரியவில்லை, பாதிரிமாருக்கும் தெரியவில்லை. பிறகு அதே கல்லூரியில் இலத்தீன் படிப்பித்தார். மூன்றே வருடம். பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்தது. நேரசூசியிலிருந்து இலத்தீன் போனது. அந்த இடத்தில் அவருக்குக் குடியியல் பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு நாட்டின் குடிமக்களுக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்று முப்பது வருடம் அவர் கற்பித்தார். நாடு அந்தப் பாடத்தில் சித்தியடையவில்லை. ஆகவே 1991 இல், மைத்துனர் ஒருவரின் உதவியோடு, மனைவி குகனேஸ்வரியுடன் பலெர்மோவுக்கு வந்து, ஐம்பத்தைந்தாவது வயதில் வயோதிபர்களைக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டார்.

இத்தாலிய மொழி அவருக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. கவனமில்லாத மாணவர்கள் எழுதிய இலத்தீன் பரீட்சைத் தாளாகவே அது அவருக்குப் பட்டது. இறைச்சிக் கடைக்காரனையும் சில சமயம் திருத்தினார்.

அவ்வொகாத்தோவுக்கு நற்கருணை கொண்டுவரும் பங்குக் குருவின் பெயர் பாத்ரே நூன்சியோ. அகன்ற தோள், சிறிய தலை, பெரிய திட்டங்கள். தொலைக்காட்சியும் புதுமாதிரிப் பள்ளிக்கூடங்களும் கிறிஸ்தவக் குடும்பத்தைக் கெடுத்துவிட்டன என்பது அவருடைய கட்சி. அதற்கு மருந்தாக, பழைய காலத்து முறையில் இலக்கணம், தருக்கம், நாவன்மை, திருச்சபைப் பாட்டு எல்லாவற்றையும் தாய், தகப்பன், பிள்ளை ஒரே வாங்கில் இருந்து படிக்கவேண்டும் என்று அவர் பத்து வருடமாகச் சொல்லி வந்தார். இத்தாலியக் குடும்பங்களுக்காக ஒருமுறை தொடங்கியும் பார்த்தார். மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக் காது கேளாது; அவர் மட்டும் கடைசிவரை இருந்தார்.

குளியலறைச் செய்தியைக் கேட்டதும் பாத்ரே நூன்சியோ நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்தப் பங்கில் ஐம்பது தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்தன. வீட்டு வேலைக்காரருக்கு வியாழக்கிழமை பின்னேரம் ஓய்வு. மண்டபம் சும்மா கிடக்கிறது. படிப்பிக்க மாஸ்டரும் வந்துவிட்டார். ஐப்பசி மாதமே மண்டபக் கதவில் அறிவித்தல் ஒட்டப்பட்டது: 'குடும்பங்களுக்கான கிறிஸ்தவச் செவ்வியல் கல்வி. வியாழன் விரிவுரைகள். பிள்ளைகளோடு வரவும்.' மாஸ்டர் எந்தச் சமயம் என்று பாத்ரே நூன்சியோ கேட்கவில்லை. இலத்தீன் தெரிந்த மனிதன் வேறு என்னவாக இருக்க முடியும்?

முதல் வியாழனே அறுபது பேர் வந்தார்கள். பாத்ரே நூன்சியோ ஆனந்தக் கண்ணீர் விட்டார். ஆனால் அவர்கள் வந்த காரணம் தொலைக்காட்சியை எதிர்ப்பதற்காக அல்ல. அதை றோபேட் மாஸ்டரிடம் வெளிப்படையாகவே சொன்னான். றோபேட் குருநகர்க்காரன், முப்பத்தெட்டு வயது. பொலிதேயாமாப் பக்கம் வீடுகள் துப்புரவாக்குகிறவன். விரிவுரைக் குழுவின் தலைவனாகத் தன்னைத் தானே தெரிவுசெய்திருந்தான்.

"மாஸ்டர், நான் அஞ்சு வீடு துடைக்கிறன். அஞ்சு வீட்டுப் பெடியளும் லத்தீன் படிக்குதுகள். லத்தீன் படியாத வீட்டுப் பிள்ளையள் கடைசியிலை தும்புக்கட்டைதான் பிடிக்குதுகள். அப்ப என்ன விளங்குது?"

"ரெண்டு காரியம் ஒண்டா நடக்குது எண்டதுக்காக, ஒண்டாலைதான் மற்றது நடக்குது எண்டு சொல்லேலாது, றோபேட்."

"அது உங்கடை வியாழக்கிழமைப் பாடம். எங்களுக்குப் பெடியன் தும்புக்கட்டை பிடியாமல் இருந்தால் காணும்."

ஆக, பாத்ரே நூன்சியோ கிறிஸ்தவக் குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காகக் கூட்டம் கூட்டினார். கிறிஸ்தவக் குடும்பங்கள் பிள்ளைகளைத் துடைப்பத்திலிருந்து காப்பாற்றுவதற்காகக் கூடின. மாஸ்டரோ கரும்பலகைக்கு முன்னால் நிற்பதற்காக வந்தார். முப்பத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு, சுண்ணாம்புத் தூள் கையில் பட, தன் பாடத்தை, தன் வாயால். அவ்வொகாத்தோ வீட்டில் அவர் ஏழு நாளும் குனிந்து வேலை செய்தார். வியாழக்கிழமை இரண்டு மணித்தியாலம் நிமிர்ந்து நின்றார். அந்த இரண்டு மணித்தியாலத்துக்காக மற்றதெல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது.

முதல் வருடம் இலக்கணம். அது யாருக்கும் தீங்கு செய்யவில்லை. இரண்டாம் வருடம் தருக்கம் தொடங்கியதும் வீடுகளில் சண்டை வந்தது. றோபேட்டின் மகன் டெனிஸ்டன், பதினொரு வயது, இரவுச் சாப்பாட்டு மேசையில் தகப்பனை மறித்தான்.

"அப்பா, 'எல்லாப் பெடியளும் படிக்கிறாங்கள், நீ மட்டும் படிக்கிறேல்லை' எண்டு சொன்னீங்கள். நானும் ஒரு பெடியன். அப்ப முதல் வசனம் பிழை."

"எழும்பி வந்தனெண்டால் முதல் வசனமும் இருக்காது, கடைசி வசனமும் இருக்காது."

"அது பயமுறுத்தல் அப்பா. நியாயம் இல்லை. மாஸ்டர் சொன்னவர்."

அடுத்த வியாழன் றோபேட்டின் மனைவி ஸ்ரெல்லா மாஸ்டரை மண்டப வாசலிலேயே பிடித்தாள். "மாஸ்டர், உந்தத் தருக்கத்தைக் கெதியிலை முடிச்சுப்போட்டு வேறை என்னவும் படிப்பியுங்கோ. வீட்டிலை ஒரு அடி அடிக்கவும் காரணம் காட்டவேண்டிக் கிடக்கு." ஆனால் மூன்றாம் வருடம் நாவன்மை வந்தபோது அவளே முன்வாங்கில் இருந்து குறிப்பெடுத்தாள். கேட்பவரின் மனத்தை முதலில் இளக்கு, பிறகு காரணம் சொல், கடைசியில் கேள் என்ற ஒழுங்கை அப்படியே தான் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவிடம் பிரயோகித்து, ஆவணி மாதம் முழுவதும் மொண்டெல்லோக் கடற்கரை வீட்டுக்குப் போய்ச் சமைக்கும் வேலையிலிருந்து தப்பினாள். செவ்வியல் கல்வியின் முதல் அறுவடை அதுதான்.

ஞாயிறு மாலைப் பங்குப் பூசைக்கு மாஸ்டரும் போவார். விரிவுரையாளர் போகாமல் இருப்பது மரியாதை அல்ல என்பது அவர் எண்ணம். கடைசி வாங்கில் இருப்பார். எழும்பவேண்டிய இடத்தில் எழும்புவார். செபங்களைப் பிழையின்றிச் சொல்லுவார். நற்கருணை நேரத்தில் மட்டும் எல்லோரும் வரிசையில் போக, அவர் இருந்த இடத்திலேயே கைகட்டி, தலைகுனிந்து இருப்பார். ஞானஸ்நானம் பெறாதவர் அதை வாங்கக்கூடாது என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்தவர் அவர், சட்டம் சட்டந்தான்.

பாத்ரே நூன்சியோ இதை முதல் வருடமே கவனித்துவிட்டார். அவருடைய அனுபவத்தில் ஒரு கத்தோலிக்கன் நற்கருணைக்குப் போகாமல் இருப்பதற்கு ஒரே காரணந்தான் உண்டு: மனச்சாட்சியை அரிக்கும் பாவம். எத்தனை பேர் கூசாமல் வந்து நாக்கை நீட்டுகிறார்கள். இந்தப் படித்த மனிதரோ தன்னைத் தகுதியற்றவர் என்று தள்ளிவைத்திருக்கிறார்! தவக்காலப் பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், "நமக்குள் ஒருவர் இருக்கிறார், கடைசி வாங்கில்," என்று தொடங்கினார். எல்லாத் தலையும் கடைசி வாங்குப் பக்கம் திரும்பியது. அடுத்த தவக்காலமும் அதே பிரசங்கம், இன்னும் உருக்கமாக. இத்தாலிய மூதாட்டிகள் மாஸ்டரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அவர்களில் ஒருத்தி, தானும் தகுதியற்றவள்தான் என்று தீர்மானித்து, நற்கருணைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

தமிழர்கள் எல்லோருக்கும் உண்மை தெரியும். அம்பலவாணர் என்ற பெயரிலேயே சமயம் எழுதி ஒட்டியிருக்கிறது. ஆனால் யாரும் பங்குச் சுவாமியிடம் சொல்லவில்லை. தொடக்கத்தில், வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். ஒரு வருடம் போனபின் சொல்வது கோள்மூட்டுவது போலாகிவிட்டது. இரண்டு பிரசங்கங்களுக்குப் பிறகோ, அது சுவாமியையே அவமதிப்பதாகிவிடும்.

இதில் மிகவும் அவதிப்பட்டவள் குகனேஸ்வரி. அவள் சமையலறை அலுமாரிக்குள் பிள்ளையாரை வைத்துக் கும்பிடுகிறவள். அதோடு ஞாயிறு தவறாமல் பெல்லெகிரீனோ மலையில் வெறுங்காலோடு ஏறி, நகரத்தின் காவல் புனிதை சாந்தா றோசாலியாவுக்குப் பூவும் வைப்பாள். "அம்மா நான் சொல்லுறதைக் கேக்கிறா, நீ எந்தச் சமயம் எண்டு கேக்கிறேல்லை," என்பாள். மூன்று வருடம் கிறிஸ்தவக் கல்வி கற்பித்த கணவரோ ஒருநாளும் அந்த மலைக்குப் போனதில்லை. தன் தெய்வத்தைத் தவிர வேறெதையும் கும்பிட அவருடைய சைவம் இடம் கொடாது.

"இஞ்சருங்கோ," என்றாள் ஒருநாள். "நீங்கள் என்ன பெரிய பாவம் செய்தனீங்கள் எண்டு கீழ்வீட்டு சிஞ்ஞோரா என்னைப் பிடிச்சு வைச்சுக் கேக்கிறா. நான் என்னத்தைச் சொல்ல? கத்தரிக்காய்க் குழம்புக்கு உப்புக் குறைவெண்டு கோப்பையைத் தள்ளிவிட்டவர் எண்டு சொல்லட்டே?"

"அவ கேட்டது தப்பு. நீர் பதில் சொல்லத் தேவையில்லை."

"நான் சொல்லேல்லை. அழுதுபோட்டு வந்திட்டன். அதைப் பாத்து அவவும் அழுதவ. இப்ப உங்களை ஆரையோ கொலை செய்த ஆள் எண்டு நினைக்கிறா போலை கிடக்கு."

1996 வசந்தத்தில் மறைமாவட்டத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பங்கு மண்டபங்களில் பாடம் எடுப்போர் எல்லோரும் முறைப்படி மறையாசிரியராக நியமிக்கப்படவேண்டும். நியமனம் இல்லாதவர் எடுக்கும் வகுப்புகளை ஆனி மாதத்தோடு நிறுத்தவேண்டும். பாத்ரே நூன்சியோவுக்கு இதில் கவலையே இல்லை, சந்தோஷந்தான். ஆனி மாதக் குடும்ப விழாவுக்கு ஆயரின் பிரதிநிதி வருவார், பிள்ளைகள் இலத்தீன் கீதம் பாடுவார்கள், பிறகு பிரதிநிதியின் கையாலேயே மாஸ்டருக்கு நியமனக் கடிதம். மாஸ்டரைக் கூப்பிட்டு, "ஒரு கடதாசிதான் தேவை. உங்கள் ஞானஸ்நானப் பதிவின் பிரதி," என்றார்.

அம்பலவாணர் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "சுவாமி, என்னுடைய ஞானஸ்நானப் பதிவு யாழ்ப்பாணத்தில் எந்தக் கோயிலிலும் இல்லை."

அதற்கு ஆறு மாதம் முன்புதான் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து, சனங்கள் இரவோடிரவாகப் பாலத்தைக் கடந்த செய்தி பங்கு முழுவதும் அழுகையாக இருந்தது. பாத்ரே நூன்சியோவின் கண் நிறைந்துவிட்டது. எரிந்த கோயில்கள், சிதறிய பதிவேடுகள் எல்லாம் அவருக்கு ஒரு கணத்தில் தெரிந்தன. மாஸ்டரை இழுத்து அணைத்துக்கொண்டார். மாஸ்டருடைய இரண்டாவது வசனம் அந்த அகன்ற மார்பில் அமுங்கிப் போயிற்று. அணைப்பு விலகியபின் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதல் வசனம் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது என்று மூன்று வருடம் கற்பித்தவர், அன்றைக்கு ஒரு வசனத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"சொல்லிப்போட்டு வாங்கோ," என்றாள் குகனேஸ்வரி.

"சொன்னால் வகுப்பு முடிஞ்சுது."

"முடிஞ்சால் என்ன? வேலை இருக்குத்தானே?"

"குளிப்பாட்டுறது வேலை, குகனேஸ்," என்றார். "வியாழக்கிழமைதான் நான்." அதற்குமேல் அவரிடம் காரணம் இருக்கவில்லை. இது தருக்கத்தில் எந்த வகை என்று அவருக்கே தெரியவில்லை. குகனேஸ்வரி தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

இதற்கிடையில் பாத்ரே நூன்சியோ திருச்சபைச் சட்டத்தைப் புரட்டி, பதிவேடு அழிந்துபோனால் நம்பிக்கையான சாட்சிகளின் கூற்றே போதும் என்று கண்டுபிடித்தார். அதை றோபேட்டிடம் சொன்னார். சொல்லக்கூடாத ஆளிடம் சொல்லிவிட்டார் என்பது அவருக்குத் தெரியாது.

பலெர்மோத் தமிழருக்குச் சாட்சி சொல்வது பொய் அல்ல, உபகாரம். ஷெல் விழுந்த வீட்டில் பிறப்புப் பத்திரம் எரிந்துபோகும், கடலில் விவாகப் பதிவு நனைந்துபோகும். வதிவிட அனுமதி கொடுக்கும் கெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலோ கடதாசி இல்லாவிட்டால் நீ பிறக்கவேயில்லை என்பார்கள். அப்போது ஊரவர் இரண்டு பேர் போய், எங்கள் கண்ணால் கண்டோம் என்று கையெழுத்து வைப்பார்கள். எழுதப்படுவது பெரும்பாலும் உண்மைதான்; கண்டது மட்டுந்தான் பொய். இப்படியாக றோபேட் பதினொரு பிறப்புகளையும் நாலு கலியாணங்களையும் ஒரு மரணத்தையும் நேரில் கண்டிருந்தான். அந்த மரணத்துக்கு உரியவர் பிறகு மிலானோவில் தென்பட்டார் என்று ஒரு கதையும் உண்டு.

ஆகவே மாஸ்டருக்கு ஒரு கடதாசி தேவை என்று கேட்டதும் அவன் இரண்டு தரம் யோசிக்கவில்லை. மொண்டெல்லோ உணவகம் ஒன்றில் கோப்பை கழுவும் மன்னார்க்காரர் கிறிகோரியைக் கூட்டிக்கொண்டுபோய், இருவருமாகக் கையெழுத்து வைத்துக் கொடுத்தார்கள். செய்தி பரவியதும் வேறு வகைச் சிக்கல் வந்தது. "மாஸ்டருக்கு ஒரு சாட்சி எண்டால் எங்களைக் கேக்கிறேல்லையோ? என்ரை ரெண்டு பிள்ளையும் அவரிட்டைப் படிக்கேல்லையோ?" என்று விமலராணி றோபேட்டோடு கோபித்துக்கொண்டு ஒரு வாரம் கதைக்கவில்லை. பங்கில் பாதிப்பேர் ஒரு சைவரின் ஞானஸ்நானத்தைக் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள். அவர்மீது இருந்த மதிப்பு அப்படி.

றோபேட் விஷயத்தை மாஸ்டருக்கு வீதியில் வைத்துச் சொன்னான்.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ மாஸ்டர். எல்லாம் சரி. நீங்கள் பிறந்து பதினோராம் நாள் தண்ணி வாத்தது. பேர் அந்தோனி."

"ஆற்றை பேர் அந்தோனி?"

"உங்கடைதான். அந்தோனி அம்பலவாணர். நல்லாத்தானே இருக்கு?"

"றோபேட், நான் இதுக்குச் சம்மதிக்கேல்லை."

"உங்களை ஆர் சம்மதம் கேட்டது? பதினோரு நாள் பிள்ளையிட்டை ஆரும் சம்மதம் கேக்கிறதே?"

அம்பலவாணர் அந்த வாரம் முழுவதும் அவ்வொகாத்தோவின் முதுகைத் தேய்த்தபடி யோசித்தார். கையெழுத்து வைத்தது தான் அல்ல. கேட்டுக்கொண்டதும் தான் அல்ல. தான் சொன்ன ஒரே வசனம் உண்மை. மௌனம் பொய் ஆகுமா? ஆகும் என்று இரண்டாம் வருடப் பாடத்தில் அவரே சொல்லியிருந்தார். ஆனால் அது பாடம். வெள்ளிக்கிழமைக்குள் தீர்மானம் வந்துவிட்டது. பேசாமல் இருப்பது. கரும்பலகை தங்கட்டும், அந்தோனி யாரோ, அவன் பாடு.

அந்தத் தீர்மானத்தோடுதான் சனிக்கிழமை அவர் கோயில் அறைக்குப் போனார். அங்கே றோபேட்டும் இருந்தான். பாத்ரே நூன்சியோ சாட்சிப் பத்திரத்தை நீட்டி, சம்பிரதாயத்துக்காக ஒரு வார்த்தை சொன்னார்:

"ஒருமுறை வாசித்துப் பாருங்கள், மாஸ்டர். பிழை ஏதும் இருந்தால் சொல்லுங்கள்."

உலகத்தில் வேறு எந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தாலும் அம்பலவாணர் தப்பியிருப்பார்.

வாசித்தார். 1936 ஆம் ஆண்டு நடந்த ஞானஸ்நானத்தில், கீழே ஒப்பமிட்டுள்ள றோபேட் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நின்றதாக எழுதியிருந்தது. பக்கத்திலேயே றோபேட்டின் பிறந்த வருடம் 1955 என்றும் எழுதியிருந்தது. அவருடைய கை தானாகவே மேசையிலிருந்த பேனாவை எடுத்தது. இரண்டு எண்களுக்கும் கீழே கோடு போட்டார். கிறிகோரி அன்று கோயில் மணி அடித்தாராம். கிறிகோரிக்கு அப்போது வயது இரண்டு. அதோடு எண்பதாம் ஆண்டுவரை அவர் மன்னாரை விட்டு வந்ததே இல்லை. இன்னொரு கோடு. ஞானஸ்நானம் நடந்த கோயிலுக்கு அத்திவாரம் போட்டதே நாற்பத்தொன்பதில். மாஸ்டர் சிறுவனாக நின்று பார்த்திருக்கிறார். கோடு. ஞானத்தகப்பன் என்று எழுதப்பட்டவர் மூன்றாம் பத்தியில் மாஸ்டரின் தம்பியாகவும் வந்தார். வட்டம் போட்டு, விளிம்பில் 'யார் இவர்?' என்று எழுதினார். தாயின் பெயர் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தது. காற்புள்ளிகளையும் கவனித்தார். முடித்ததும், பழக்கதோஷத்தில், மேல் மூலையில் ஒரு எண்ணைப் போட்டு அடியில் கோடிழுத்தார்.

பாத்ரே நூன்சியோ அந்தப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். "இது என்ன, எட்டு?"

"நூற்றுக்கு, சுவாமி. கையெழுத்து வடிவாய் இருக்கிறபடியால்."

"அப்படியானால் ஞானஸ்நானம் எந்த வருடம்?"

றோபேட் கூரையைப் பார்த்தான்.

"எந்த வருடமும் இல்லை," என்றார் அம்பலவாணர். "நான் சைவன், சுவாமி."

"மாஸ்டர் களைச்சுப்போனார்," என்று றோபேட் இத்தாலிய மொழியில் குறுக்கே விழுந்தான். "வயசுபோன ஆள், வெயில்..."

"நீ பேசாதை, றோபேட். உனக்கு எட்டுப் புள்ளி."

பாத்ரே நூன்சியோ மெல்ல உட்கார்ந்தார். அவர் கோபிப்பார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவரோ வேறொரு கணக்கில் அகப்பட்டிருந்தார். "மூன்று வருடம் நீங்கள் நற்கருணைக்கு வராமல் இருந்தது..."

"எனக்கு உரிமை இல்லை. அதுதான் சட்டம்."

"பாவம் ஒன்றும் இல்லையா?"

"இருக்கும், சுவாமி. ஆனால் அதற்காக இல்லை."

"உங்களை வைத்து நான் மூன்று பிரசங்கம் செய்தேன்," என்றார் பாத்ரே நூன்சியோ. "மூன்றாவது பிரசங்கத்தை ஆயர் இல்லத்தில் படிக்கக் கேட்டு வாங்கினார்கள்." பிறகு, "நாம் படிப்பிக்கும் பழைய ஆசிரியர்களில் முக்கால்வாசிப் பேர் ஞானஸ்நானம் பெற்றவர்கள் அல்ல," என்று தனக்குத் தானே சொன்னார். அது ஆறுதலா, முறைப்பாடா என்று விளங்கவில்லை. "ஆனால் அவர்களுக்கு மறைமாவட்டத்திலிருந்து சுற்றறிக்கை வரவில்லை."

குடும்ப விழா நடந்தது. நாற்பது பிள்ளைகள் இலத்தீன் கீதம் பாடினார்கள். மூன்றாவது அடியில் எல்லோரும் ஒருமிக்க ஒரு சொல்லை நீட்டியபோது, பார்வையாளர் வரிசையில் இருந்த அம்பலவாணர் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆயரின் பிரதிநிதி மீன் ரோல்ஸ் ஆறு சாப்பிட்டு, விரிவுரையாளர் யார் என்று கேட்டார். "தற்போது ஒருவரும் இல்லை," என்றார் பாத்ரே நூன்சியோ. மண்டபக் கதவிலிருந்து அறிவித்தல் கிழிக்கப்பட்டது. அந்தக் கோடைக்காலம் முழுவதும் வியாழக்கிழமைகளில் அம்பலவாணர், போவதற்கு இடமில்லாமல், அவ்வொகாத்தோ வீட்டிலேயே தங்கி இரண்டாவது முறையும் அவரைக் குளிப்பாட்டினார். வாரத்துக்கு எட்டுக் குளிப்பு ஏன் என்று கிழவருக்கு விளங்கவில்லை.

இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று எல்லோரும் விட்டபின், ஆவணி முடிவில் றோபேட் சுவாமியிடம் போனான். பத்திர விவகாரத்துக்காக அவன் இரண்டுமுறை பாவசங்கீர்த்தனம் செய்திருந்தான், சுத்தமான ஆள்.

"சுவாமி, பாடம் எடுக்கிற ஆள் ஞானஸ்நானம் பெற்றிருக்கவேணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"நான் பெற்றிருக்கிறேன். குருநகர்ப் பதிவுப் பிரதி கையில் இருக்கிறது. இது உண்மையானது," என்று சேர்த்துக்கொண்டான்.

"உனக்கு இலத்தீன் தெரியாதே."

"சுற்றறிக்கையில் இலத்தீன் பற்றி ஒரு வசனமும் இல்லை. வாசித்துப் பார்த்தேன்."

பாத்ரே நூன்சியோ சுற்றறிக்கையை எடுத்து இரண்டு தரம் வாசித்துவிட்டு, அதை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். துப்புரவு வேலைகளில் இந்த ஏற்பாடு ஊரறிந்தது: ஒப்பந்தத்தில் ஸ்ரெல்லாவின் பெயர் இருக்கும், துடைக்கப் போவது அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை. சிஞ்ஞோராமாருக்கும் தெரியும், வீடு துப்புரவாக இருந்தால் அவர்கள் பெயர் கேட்பதில்லை.

அம்பலவாணர் உடனே எதிர்த்தார். "இதுவும் பொய்தான்."

"எது பொய்?" என்றான் றோபேட். "என்ரை பேர் உண்மை. ஞானஸ்நானம் உண்மை. நியமனம் உண்மை. நீங்கள் வகுப்பிலை இருக்கிறது ஒரு மாணவனா. மாணவனுக்கு ஞானஸ்நானம் வேணுமெண்டு எங்கை கிடக்கு? பிழை கண்டுபிடியுங்கோ பாப்பம்."

அம்பலவாணர் தேடினார். நியாயமான மனிதர் ஆகையால் நன்றாகவே தேடினார். ஒவ்வொரு வசனமும் தனித்தனியே சரியாக இருந்தது. மொத்தத்தில் எங்கேயோ ஒரு பெரிய மோசடி இருப்பது தெரிந்தது. ஆனால் கோடு போட இடம் கிடைக்கவில்லை. றோபேட் முன்வாங்கில் இருந்து குறிப்பெடுக்காதவன்; இவ்வளவையும் எங்கே படித்தான் என்ற வியப்புத்தான் மிஞ்சியது.

ஐப்பசி முதல் வியாழன் மண்டபம் நிறைந்திருந்தது. மறையாசிரியர் றோபேட், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, சிலுவை அடையாளம் போட்டுக் கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்றார். அறுபது வயது அம்பலவாணர் முன்வாங்கில், றோபேட்டின் மகள் அமலினிக்குப் பக்கத்தில், முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்தார். மறையாசிரியர் கையிலிருந்த தாளிலிருந்து முதல் வரியை வாசித்தார். வாசித்து முடிக்குமுன்னே வகுப்பில் சிரிப்பு எழுந்தது.

அம்பலவாணர் கையை உயர்த்தினார்.

"என்ன?" என்றார் மறையாசிரியர், அதிகாரமாக.

"ஒரு சின்னத் திருத்தம் இருக்கு, சேர். அனுமதி தந்தால்."

"தாறன்," என்று றோபேட் சுண்ணாம்புக் கட்டியை நீட்டினான். அவர் எழுந்த இடத்தில் அவன் போய் உட்கார்ந்து, கழுத்துப்பட்டியைத் தளர்த்தி, மகளின் தோளில் சாய்ந்துகொண்டான். திருத்தம் ஒன்றே முக்கால் மணித்தியாலம் நீடித்தது.